ரெசினா, வெள்ளீயமா, 3டி பிரிண்டா? சரித்திர உருவ கிட் செய்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

திப்பு சுல்தானின் ராக்கெட் வீரன் ஒருவனை 75 மி.மீ. உயரத்தில் வடித்து, தலை, உடல், கை, ஆயுதம் என்று பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு, ஒட்டி வண்ணம் தீட்டும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்க வேண்டும். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இந்த ஆசையோடு சிலர் கேட்கிறார்கள். சிலருக்குச் சிற்பம் வரும், சிலருக்குக் கம்ப்யூட்டரில் வடிக்க வரும், சிலருக்கு வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எதில் செய்வது, என்ன விலை வைப்பது?

ஆசைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறும்வரை சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) மைசூர் ஆட்சியில் இருந்தவை. சங்ககிரிக் கோட்டையில்தான் 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். புலிவரிச் சட்டை போட்ட காலாட்படை, மூங்கில் கழியில் இரும்புக் குழாயைக் கட்டி ஏவிய ராக்கெட் படை, கொங்குப் பாளையத்து வீரர்கள் என்று நம் ஊரைச் சுற்றியே அத்தனை விஷயம் இருக்கிறது. உலகச் சந்தையில் ரோமானியர்களும் நெப்போலியன் படையும் குவிந்து கிடக்கின்றன. தென்னிந்திய வீரன் ஒருவனைத் தேடினால் மிகச் சிலவே கிடைக்கும். அந்த இடத்தை நம்மவர்கள் பிடிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளில் செய்வது என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை பிரதி விற்கும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஒரு நேர்மையான எண்ணைச் சொல்லிக்கொண்டால் செய்முறை பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். ரெசின் கிலோ என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு தொடங்குபவர்கள்தான் ஒரு வருடம் கழித்து நஷ்டத்தில் நிற்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பிரதிகளின் எண்ணிக்கை முதலாவது. இரண்டாண்டில் 50 விற்குமா, 200 விற்குமா? முதல் கிட்டுக்கு 100க்கு மேல் எண்ணிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அடுத்தது உருவத்தின் அளவு. 28 மி.மீ. போர் விளையாட்டு உருவத்துக்கும் 75 மி.மீ. காட்சி உருவத்துக்கும் செய்முறையே மாறும். எடை உயரத்தோடு நேராக ஏறுவதில்லை, உயரத்தின் கனத்துக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்ப ஏறுகிறது. 75 மி.மீ. உருவத்தை 54 மி.மீ. ஆக்கினால் உயரம் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே வரும். பொருளோ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும்.

மூன்றாவது, எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பது. இதைச் சென்னையிலோ வெளிநாட்டிலோ எழுதும் வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை ஒட்டிய வெயில். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க மூடுபனியும் ஈரமும். மலைப்பாதை ஏறி இறங்கும் தூரத்துக்குள் ஒரே ரெசின் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

அப்புறம் உங்கள் நேரம், பொட்டலம் போய்ச் சேரும் தூரம், தவறு வந்தால் திருத்துவதற்கு ஆகும் செலவு. இவையும் கணக்கில் வர வேண்டும்.

## எந்த வழியானாலும் தப்பாத செலவு

முதல் உருவத்தை, அதாவது மாஸ்டரை, உருவாக்கும் செலவு எல்லா வழிக்கும் பொது. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சிற்பிக்கு 25,000 ரூபாய், சோதனை அச்சுகளுக்கும் மாஸ்டரைத் தீட்டி வழுவழுப்பாக்கவும் 5,000, பெட்டியில் படம் போடுவதற்காக ஒரு பிரதிக்கு வண்ணம் தீட்டித் தரும் கலைஞருக்கு 8,000, புகைப்படத்துக்கும் பெட்டி வடிவமைப்புக்கும் 4,000. மொத்தம் 42,000.

50 பிரதி விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 840 ரூபாய். 100 என்றால் 420. 200 என்றால் 210. இதில் ஒரு கிராம் ரெசின்கூட இன்னும் வரவில்லை.

சிற்பத்தை நானே செய்கிறேன், அதற்குச் செலவில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 25,000ஐக் கணக்கில் எழுதியே வையுங்கள். இரண்டாவது உருவத்தை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டி வந்தால், முதல் கிட்டின் விலை அந்தக் கூலியைத் தாங்குகிற விலையாக இருக்க வேண்டும். வண்ணம் தீட்டிய படத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். கிட் வாங்குபவர் வாங்குவது சாம்பல் நிறத் துண்டுகளை. அவர் கண்ணில் நிற்பது பெட்டியின் மேல் இருக்கும் அந்த வீரன்.

## ஒரு பார்வையில்

கீழே உள்ள ரூபாய்க் கணக்கு 75 மி.மீ. காலாள் ஒருவனுக்கு, பெட்டி உட்பட, மாஸ்டர் செலவு நீங்கலாக. உழைப்பு மணிக்கு 150 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

| | 3டி பிரிண்ட் | ரெசின் வார்ப்பு | வெள்ளீய வார்ப்பு |
|---|---|---|---|
| ஒரு பிரதிக்கு | சுமார் ரூ. 370 | சுமார் ரூ. 340 | சுமார் ரூ. 660 |
| தொடக்க முதலீடு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| அச்சின் ஆயுள் | அச்சு இல்லை | சில டஜன் பிரதிகள் | நூற்றுக்கணக்கில் |
| கெட்டுப்போன பிரதி | முழு நஷ்டம் | முழு நஷ்டம் | திரும்ப உருக்கலாம் |
| திருத்தம் செய்ய | எளிது | புது மாஸ்டர், புது அச்சு | மிகச் சிரமம் |
| பொருந்தும் அளவு | எல்லாம் | 54 மி.மீ. முதல் மார்பளவுச் சிலை வரை | 28, 54 மி.மீ. |
| ஊர் | சேலம் | சேலம், வெயிலுக்கு முந்தைய மாதங்கள் | இரண்டும் |

முதல் வரிசையில் பிரிண்டுக்கும் ரெசின் வார்ப்புக்கும் 30 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். விலை மலிவு என்று சொல்லி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது.

## 3டி பிரிண்ட்

ஒளி பட்டால் இறுகும் திரவ ரெசினை அடுக்கடுக்காக இறுக்கி உருவத்தை எடுப்பது இந்த முறை. கணக்கு இப்படி: அச்சாகும்போது துண்டைத் தாங்கிப் பிடிக்கும் காம்புகளோடு சேர்த்து 40 கிராம் ரெசின், கிலோ 2,000 என்றால் 80 ரூபாய். தொட்டியின் அடித்தாள், திரைத் தேய்மானம், கழுவும் ஆல்கஹால், கையுறை எல்லாம் 40. மின்சாரம் 10. காம்பு வெட்டி, கழுவி, தேய்க்க 50 நிமிடம், 125. ஆக 255. நூற்றுக்குப் பதினைந்து வீணாகும் என்று வைத்தால் 300. பெட்டியும் பஞ்சும் 70.

பெரிய லாபம், கையிருப்பு வைக்க வேண்டியதில்லை. ஆர்டர் வந்த பிறகு அச்சடிக்கலாம். தலைப்பாகையின் மடிப்பு தவறு என்று ஒரு சரித்திர ஆர்வலர் சுட்டிக்காட்டினால் அன்றிரவே கோப்பைத் திருத்தி, மறுநாள் திருத்திய தலையை அனுப்பிவிடலாம். சரித்திர உருவங்களில் இது சின்ன விஷயம் கிடையாது. சீருடையின் பொத்தான் எண்ணிக்கைவரை பார்க்கிறவர்கள்தான் இந்த வாடிக்கையாளர்கள்.

நேரக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. எத்தனை துண்டு வைத்தாலும் நேரம் கூடாது. உயரம்தான் நேரம். 60 மி.மீ. உயரத்துண்டை 0.03 மி.மீ. அடுக்குகளாக அடித்தால் 2,000 அடுக்கு. அடுக்குக்கு 8 விநாடி என்றால் ஏறக்குறைய நாலரை மணி. தட்டில் ஒரு கிட் இருந்தாலும் நான்கு கிட் இருந்தாலும் அதே நாலரை மணி. எனவே ஒற்றை ஆர்டருக்கு மெஷினை ஓட்டாமல் தட்டு நிரம்பும்வரை காத்திருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. நடுவில் கரண்ட் போனால் பெரும்பாலான மெஷின்களில் அந்தத் தட்டு கையைவிட்டுப் போகலாம். அதனால் யு.பி.எஸ். செலவைப் பிரிண்டர் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டாவது, ரெசின் குளிரில் கெட்டியாகும். 20 டிகிரிக்குக் கீழே போனால் அடுக்குகள் சரியாக ஒட்டாது. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் அறையைச் சூடாக வைக்காமல் அடித்தால் தோல்விக் கணக்கு 15ல் நிற்காது. மூன்றாவது, சாதாரண ரெசின் நொறுங்கும் குணம் உடையது. மெல்லிய வாளும் துப்பாக்கிக் குழலும் கூரியரில் உடைந்து போய்ச் சேர்கின்றன. உறுதியான ரெசினைக் கொஞ்சம் கலந்தால் தாங்கும், விலையும் ஏறும்.

கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், வெயிலில் வைத்தால் கரைந்திருக்கும் ரெசின் கெட்டிப்பட்டு அடியில் தங்கும். அதை வடிகட்டிக் குப்பையாக அகற்றலாம். சேலம் வெயிலால் நமக்குக் கிடைக்கும் உபகாரம் இது. அதே வெயில் பிரிண்டர் இருக்கும் அறைக்குள் எட்டிப்பார்க்காமல் திரை போடுங்கள்.

இரண்டாண்டில் 50, 60 பிரதிக்கு மேல் விற்காது என்று தோன்றினால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். முதல் கிட் செய்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

## ரெசின் வார்ப்பு

நல்ல மாஸ்டரின் மேல் சிலிகான் ஊற்றி அச்சு எடுத்து, அதில் பாலியூரிதேன் ரெசினை வார்ப்பது. மேல்தட்டு உருவ கிட்களில் நீண்டகாலமாக மதிப்புப் பெற்ற முறை. நன்றாக வார்த்த பிரதியில் அடுக்குக் கோடுகள் தெரியாது, கத்தி சுகமாக இறங்கும், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பழைய மாடல் ஆர்வலர்கள் இன்னும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பலர் பிரிண்ட் என்றால் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பார்கள்.

கணக்கு: ரெசின் 40 ரூபாய். ஒரு செட் அச்சு 4,000, அது 40 பிரதி தரும் என்றால் பிரதிக்கு 100. வார்த்து, பிசிறு நீக்கி, சரிபார்த்துப் பெட்டியில் போட 40 நிமிடம், 100. ஆக 240. பத்தில் ஒன்று வீண் என்றால் 267. பெட்டியோடு 337.

இந்தக் கணக்கில் மிக முக்கியமான எண் அந்த 40. நுணுக்கமான உருவங்களில் சிலிகான் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். முதலில் கிழிவது உள்வளைவுகள்: இடுப்புக்கும் கைக்கும் நடுவே, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே. 25வது பிரதியில் மீசை நுனி மழுங்கியதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதல் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நல்ல பிரதியை விற்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பத்தாவது பிரதியையும் அதன் அருகில் வைத்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். காதுமடல், விரலிடுக்கு, மீசை, தலைப்பாகை மடிப்பு, இந்த நான்கு இடம் போதும். அங்கே கூர்மை குறைந்திருந்தால் அச்சின் காலம் முடிந்தது. இன்னும் பத்து எடுக்கலாம் என்று இழுத்தால் அந்தப் பத்தும் உங்கள் பெயரைக் கெடுக்கும்.

சிலிகானில் இரண்டு வகை. தகர வினையூக்கி வகை விலை குறைவு, எதன் மேலும் பெரும்பாலும் இறுகும், காலப்போக்கில் சுருங்கும், ஆயுளும் குறைவு. பிளாட்டினம் வகை நீடித்து உழைக்கும், சுருக்கம் மிகக் குறைவு, ஆனால் சில பொருள்கள் பட்டால் இறுகாமல் கெட்டுவிடும். கந்தகம் கலந்த களிமண்ணில் செய்த மாஸ்டர் மேல் ஊற்றினால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். சரியாகப் பதப்படாத 3டி பிரிண்ட் மேல் ஊற்றினாலும் அதே கதி. இன்றைக்கு மாஸ்டர் பெரும்பாலும் பிரிண்டாகத்தான் இருக்கிறது. எனவே நன்றாகக் கழுவி, முழுமையாக ஒளியில் பதப்படுத்தி, மேலே ஒரு தடுப்புப் பூச்சு அடித்து, ஓரத்தில் சின்னத் துண்டை வைத்துச் சோதித்த பிறகே முழு அச்சையும் ஊற்றுங்கள்.

இனி ஊர் விஷயம். பாலியூரிதேனின் ஒரு பாகமான ஐசோசயனேட்டுக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் வினைபுரிந்து கார்பன் டையாக்சைடு வெளியாகும். அதுதான் பிரதிக்குள் நுரைபோல வரும் குமிழிகளுக்கு ஒரு முக்கியக் காரணம். ஏற்காட்டில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால், அந்த டப்பா முழுதும் மெல்ல மெல்லக் கெடும். அங்கே செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஈரம் நீக்கும் கருவியோடு மூடிய அறை வேண்டும், டப்பாவும் சின்னச் சின்னதாக வாங்க வேண்டும். அதன் செலவைச் சேர்த்தால் பிரதிக்கு 340 என்பது பழங்கதை.

சேலத்தில் பிரச்சினை நேர்மாறு. பொதுவாக வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரெசின் இறுகும் நேரம் பாதியாகும். டப்பாவில் 6 நிமிடம் என்று போட்டிருந்தால் அது 25 டிகிரிக்குச் சொன்னது. மே மாத மத்தியானத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவுதான் கையில் இருக்கும். அதற்குள் கலக்கி, ஊற்றி, பிரஷர் பாட் என்னும் அழுத்தக் கலத்துக்குள் வைத்து மூட வேண்டும். நான்கு அச்சு வரிசையில் நின்றால் நான்காவது அச்சு முழுதாக நிரம்பாது. விடியற்காலையில் வார்ப்பு வேலையைச் செய்யுங்கள், ரெசின் டப்பாவைக் குளிர்ந்த அறையில் வையுங்கள், முடிந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், மழையில்லாத நாள்களில், ஆண்டுக்கான இருப்பை வார்த்து முடித்துவிடுங்கள்.

குமிழியை ஒழிக்க 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வேண்டும். இதற்கென்று செய்த, பாதுகாப்பு வால்வு உள்ள கலத்தையே வாங்குங்கள். சமையல் குக்கரை மாற்றிப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. வீட்டுக் குக்கர் வேலை செய்வது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. அளவில். மூன்று, நான்கு மடங்கு அழுத்தத்தை அதில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. ஐசோசயனேட் ஆவிக்கு உரிய வடிகட்டி முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையிலிருந்து ஒதுங்கியே இருக்க வேண்டும்.

80 முதல் 300 பிரதிவரை விற்கும், உருவம் 54 மி.மீ.க்கு மேல், கத்தியும் பிரஷ்ஷும் பிடித்துப் பழகியவர்கள்தான் வாங்குகிறார்கள் என்றால் இதுதான் சரியான வழி.

## வெள்ளீய வார்ப்பு

ரசம் வைக்கிற ஈயச் சொம்பைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இல்லை. அதே வெள்ளீயம்தான் இங்கேயும். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்க வேண்டாம் என்று பாட்டிகள் அதட்டுவார்கள். அந்தக் குறைந்த உருகுநிலையே உருவ வார்ப்புக்கு வசதி. அதோடு ஆன்டிமனியும் செம்பும் கொஞ்சம் சேர்த்தால் கெட்டியான, நுணுக்கம் பிடிக்கிற கலவை கிடைக்கும். அந்தக் காலத்துப் பொம்மைச் சிப்பாய்களில் காரீயம் இருந்தது. 1893ல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி உள்ளே வெற்றிடமாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்து மலிவாக்கியது. 54 மி.மீ. என்ற அளவு நிலைபெற்றதும் அந்தச் சிப்பாய்களால்தான். இன்றைக்குக் காரீயம் கலந்து செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. தேய்க்கும் தூள் வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போகும்.

சொம்பு வாங்கியவர்களுக்கு வெள்ளீயத்தின் விலையும் தெரியும். கிலோ 3,000 என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. உருவம் 160 கிராம் வரும், உலோகம் மட்டுமே 480 ரூபாய். கூலி 75, அச்சுப் பங்கு 15, கனமான பெட்டி 90. ஆக 660. அதையே 54 மி.மீ. ஆக்கினால் 60 கிராம், 180 ரூபாய். 28 மி.மீ. என்றால் 8 கிராம், 25 ரூபாய்கூட இல்லை. சின்ன உருவங்களைப் பட்டாளம் பட்டாளமாக விற்பவர்கள் ஏன் உலோகத்தை விடுவதில்லை என்பதற்கு இதுவே பதில். கெட்டுப்போன பிரதியும் வார்ப்புக் காம்பும் மறுபடி உருக்குச் சட்டிக்கே போகும்.

சேலத்தில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கின்றனவே, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்துவிடலாமே என்று எல்லோரும் நினைப்பார்கள். இங்கே இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நகைத் தொழிலின் ரப்பர் அச்சு மெழுகு எடுப்பதற்கான சின்னச் செவ்வக அச்சு. வெள்ளீய உருவத்துக்கு வேண்டியது வட்டத் தட்டு வடிவ ரப்பர் அச்சும், அதைச் சுழற்றி வார்க்கும் மெஷினும். அதைவிட முக்கியம், வெள்ளிக்குப் பக்கத்தில் வெள்ளீயமோ காரீயமோ வந்தால் பொறுப்பான பட்டறைக்காரர் விரட்டிவிடுவார். அந்த உலோகம் துளி கலந்தாலும் வெள்ளி வேலை பாழாகும். அவர் உருக்கும் மூசையில் நம் கலவையை உருக்கச் சொல்லிக் கேட்பதே தப்பு.

அப்படியானால் பட்டறையால் பயனில்லையா? நிறைய உண்டு. அந்த வட்ட ரப்பர் அச்சை இறுக்கும்போது 150 டிகிரியை ஒட்டிய சூடும் பெரும் அழுத்தமும் விழும். சாதாரண 3டி பிரிண்ட் மாஸ்டர் அதில் நொறுங்கும். வாள், துப்பாக்கிக் குழல், ராக்கெட் குழாய் போன்ற மெல்லிய பாகங்களை மெழுகில் அச்சடித்துப் பித்தளையில் வார்த்து வாங்கினால் அழியாத மாஸ்டர் கிடைக்கும். பித்தளை வார்க்கும் பட்டறையாகப் பார்த்துக் கேளுங்கள். உடலை ரெசினிலும் ஆயுதத்தை மட்டும் உலோகத்திலும் தருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான். வளைந்த ரெசின் வாளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உலோக வாள் ஒன்று உள்ளே இருந்தால் கூடுதல் விலையை மறுபேச்சின்றித் தருகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

ஈரமோ குளிரோ வெள்ளீயத்தைப் பாதிக்காது. ஏற்காட்டிலும் செய்யலாம். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், விழுந்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.

## மற்ற இரண்டு வழிகள்

பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன்: உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது. அந்த அச்சு, அதாவது டை, செய்யவே லட்சங்கள் ஆகும். ஆயிரக்கணக்கில் விற்கும் உறுதி இல்லாதவர் கோவை டை பட்டறைகளில் விலை கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

கோப்பாக விற்பது: 3டி பிரிண்டருக்கான வடிவக் கோப்பை (எஸ்.டி.எல்.) வாங்கியவரே வீட்டில் அச்சடித்துக்கொள்வார். பெட்டி இல்லை, கூரியர் இல்லை, வீண் இல்லை. 42,000ல் பெட்டி வடிவமைப்பும் குறையும். ஆனால் ஒரு பிரதிக்குக் கிடைக்கும் தொகை கிட்டின் ஒரு பகுதிதான், திருட்டுப் பிரதியும் தவிர்க்க முடியாது. ரெசின் கிட்டையும் வாங்கி அதன் மேல் சிலிகான் ஊற்றிக் களவாடுகிறவர்கள் உண்டு, என்றாலும் அவர்களுக்குக் கொஞ்சமாவது உழைப்பு தேவை. ஏற்காட்டில் இருந்துகொண்டு பட்டறை வைக்க இடமோ காலநிலையோ ஒத்துவராதவர், சிற்பத்தை மட்டும் விரும்புபவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## விலை: மூன்று முறைகள்

செலவின் மேல் லாபம் வைப்பது பலரின் முதல் முறை. 337 ஆகிறது, 600க்கு விற்போம் என்பார்கள். 50 பிரதிதான் விற்றது என்றால் மாஸ்டர் பங்கு 840ஐச் சேர்த்து உண்மைச் செலவு 1,177. ஒவ்வொரு கிட்டோடும் 577 ரூபாயை இனாமாகக் கொடுத்தார்கள் என்று அர்த்தம். இந்த முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சந்தையை ஒட்டி வைப்பது இரண்டாவது. ஐரோப்பியக் கம்பெனிகளின் 75 மி.மீ. ரெசின் உருவம் பொதுவாக 30 முதல் 50 யூரோ. இங்கே இறக்குமதி செய்பவர் அதன் மேல் அனுப்புகூலியும் சுங்கமும் கட்டுகிறார். தரம் அதே அளவில் இருந்தால் உள்நாட்டில் 1,800 ரூபாய் என்பது வாங்குபவருக்கும் லாபம்தான். தரம் இல்லாமல் விலையை மட்டும் அங்கே வைத்தால் முதல் பத்துப் பேரோடு விஷயம் முடிந்துவிடும்.

1,800ஐ வைத்து ரெசின் வார்ப்புக்குக் கணக்கு பார்ப்போம். நேரடியாக விற்றால் பணப்பரிமாற்றக் கட்டணம், உடைந்த பாகத்துக்கு மாற்று அனுப்புவது என்று 100 கழியும். 1,700ல் 337 போக 1,363 மிஞ்சும். 31 பிரதியில் மாஸ்டர் செலவு திரும்பிவிடும். கடைக்குக் கொடுத்தால்? மாடல் கடைகளும் விநியோகஸ்தர்களும் 40 முதல் 50 சதவீதம் தள்ளுபடி கேட்பது வழக்கம். பாதி விலை என்றால் கையில் 900, மிஞ்சுவது 563, மாஸ்டர் செலவு திரும்ப 75 பிரதி வேண்டும். கடைக்குப் போகும் எண்ணம் பின்னாளில் வரலாம் என்றால், அந்தப் பாதியைத் தாங்கும் விலையை முதல் நாளிலேயே வையுங்கள். 1,000க்கு விற்ற கிட்டைக் கடைக்காக 1,800 ஆக்கினால் முதலில் ஆதரித்தவர்கள்தான் முதலில் கோபப்படுவார்கள்.

மூன்றாவது, எண்ணிட்ட குறைந்த பதிப்பு. 100 பிரதி, ஒவ்வொன்றிலும் எண், அதோடு அச்சு முடிந்தது. ரெசின் வார்ப்புக்கு இது அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டு மூன்று செட் அச்சின் இயல்பான ஆயுளும் அதுதான். விலையில் கால் பங்கு கூட்டலாம். 100 என்று சொல்லிவிட்டு 101வது பிரதியை வார்ப்பது மட்டும் ஏமாற்று. 3டி பிரிண்டில் குறைந்த பதிப்பு என்று சொன்னால் நம்புபவர்கள் குறைவு, கோப்பு கையில்தானே இருக்கிறது.

முன்பதிவுப் பணம் வாங்குவதை விலைமுறையாக எண்ணாதீர்கள். மாஸ்டர் முடிந்து, சோதனை வார்ப்பு கைக்கு வந்து, அதன் படத்தைக் காட்டிய பிறகு வாங்கினால் சரி. வரைபடத்தைக் காட்டி வாங்கினால் கடன்.

## காகித வேலை

2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நம் கிட் பெரியவர்களுக்கானது. பெட்டியில் "14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இது பொம்மை அல்ல" என்று தெளிவாகப் போடுவதோடு, விளம்பரத்திலும் குழந்தைகளைக் காட்டக் கூடாது. கொலுவுக்கு வைக்கலாம் என்று வண்ணம் தீட்டி விற்கத் தோன்றும். அது வேறு வாடிக்கையாளர், வேறு விலை, வேறு உழைப்பு. இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பலர் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். பொதுவாக வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் வரம்பு பார்க்காமல் பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்புவதும் வெளிமாநில விற்பனைதான். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளியூரில்தான் இருப்பார்கள், எனவே முதல் நாளே பேசி வையுங்கள்.

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான குறியீடு) எண் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் சின்னப் பொட்டலத்துக்கும் 2021 ஜூலை முதல் அங்கே மதிப்புக் கூட்டு வரி உண்டு. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்குத் தந்திருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. இந்த வரியை வாங்குபவர் கட்டுவாரா, நீங்கள் ஏற்பீர்களா என்பதை விற்பனைப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பொட்டலம் திரும்பி வரும், இருவழி அனுப்புகூலியும் உங்கள் தலையில்தான்.